வேறு வைத்த அடுப்பு

சௌபர்ணிகா எந்தக் குழம்பையும் கரண்டியிலிருந்து நேரே நாவில் வைத்துப் பார்க்கமாட்டாள். இடக்கையின் புறத்தில் ஒரு துளி விட்டு, அது ஆறும்வரை நின்று, அதன் பின்னரே சுவைப்பாள். சமைக்கத் தொடங்குமுன் வேண்டிய பொருள்கள் யாவற்றையும் மேடைமேல் எடுத்து வைத்துக்கொள்வாள். நடுவில் ஏதேனும் ஒன்று இல்லையென்று தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தேடப் போவாள். சமையல் முடிந்ததும் மேடையைத் துடைத்த துணியையும் அப்போதே அலசி உலர்த்திவிடுவாள். உரக்கப் பேசும் வழக்கம் அவளிடம் இல்லை. அவள் பிறந்த ஊர் கண்டரமாணிக்கம். வாழ்க்கைப்பட்ட இடம் காரைக்குடி. அவளுடைய நீண்ட பெயரை மாமியார் மீனாள் ஆச்சி சௌபி என்று சுருக்கிவிட்டார். கணவன் முத்துக்கண்ணனும் அப்படியே அழைப்பான். தன்மேல் தவறு இருக்கும்போது மட்டும் முழுப்பெயரையும் சொல்வான்.

அந்த ஊர்ப் பழைய குடும்பங்களில் மகனுக்குத் திருமணமானால் வேறு வைப்பது முறை. வேறு வைப்பதென்றால் வீட்டை விட்டு அனுப்புவதன்று. ஒரே வீடு, ஒரே வாசல். அடுப்பு மட்டும் இரண்டு. அரிசி, பருப்பு, பாத்திரம், அடுப்பு எல்லாவற்றையும் கொடுத்து, இனி உங்கள் உலை உங்களுடையது என்று பெற்றவர்களே பிரித்துவிடுவார்கள். அதன்பின் மகனுக்குச் சோறு போட வேண்டியவள் அவன் மனைவி. நல்ல நாளில் ஒரு கிண்ணம் பலகாரம் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் போய்வரலாம். ஆனால் வேறு வைத்த மகன் தாயின் அடுப்படியில் அன்றாடம் உட்கார்ந்து உண்டால், அவன் மனைவிக்கு உலை வைக்கத் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். சாப்பாட்டு வேளையில் ஓர் அடுப்படியார் மற்றோர் அடுப்படிக்குள் நுழைவதும் இல்லை. நுழைந்தால், பசித்து வந்தது போல ஆகிவிடும்.

சௌபர்ணிகாவும் முத்துக்கண்ணனும் திருமணமான கையோடு பாங்காக்கு நகரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே அவன் ஒரு நகை வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தான். ஏழாண்டுகள் சென்றன. ஆச்சிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது பார்க்க வந்தவன், ஊரிலேயே இருந்துவிடலாம் என்றான். பழைய வீடொன்றைச் சுற்றுலா விடுதியாக மாற்றியவர்கள் அவனுக்கு மேலாளர் வேலை கொடுத்தார்கள். சௌபர்ணிகா பாங்காக்கில் ஒரு பள்ளியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அவள் வந்த வாரத்திலேயே ஆச்சி ஒரு நல்ல நாள் பார்த்து, பின்கட்டில் இரண்டாவது அடுப்படியை வெள்ளையடித்து, பாத்திரங்களை எடுத்துக் கொடுத்து முறைப்படி வேறு வைத்தார். இரண்டு அடுப்படிக்கும் இடையில் ஒரு சுவர்தான்.

அந்த நாளில் சௌபர்ணிகா மனநிறைவோடு இருந்தாள். அவ்வளவு பெரிய வீட்டில் தூண்கள் மாமனார் வழியில் வந்தவை, கதவுகளும் அப்படியே, சாமி வீடு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. தனக்கென்று இருப்பது அந்த அடுப்பு ஒன்றுதான் என்று அவள் எண்ணினாள். அந்த அடுப்பில் வெந்ததைத் தன் கணவன் உண்கின்ற வரையில் அந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பது அவளுடைய கணக்கு.

பாங்காக்கில் அவர்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் உரல் வைத்திருந்தாள். நீளமான பயற்றங்காயைப் பச்சையாகவே ஒடித்துப் போட்டு, பூண்டும் மிளகாயும் சேர்த்து, மர உலக்கையால் இடித்துக் கொடுப்பாள். முதலில் அதைத் தேடிப் போனவன் முத்துக்கண்ணன்தான். கண்ணீரும் மூக்குநீரும் வழிய வழிய உண்டுவிட்டு, இன்னொரு தட்டு வாங்கினான். அதற்கு அந்த நாட்டார் சொல்லும் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. இடிச்ச காய் என்று தானே ஒரு பெயர் வைத்தான். மண் உரலும் மர உலக்கையும் வாங்கிவந்து, "வீட்டுலயே செய்யி சௌபி" என்று கொடுத்தவனும் அவன்தான். அவள் அந்தப் பெண்மணியின் வண்டியருகே பல மாலைகள் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். அதன்பிறகு ஞாயிறு மாலை தவறாமல் அவர்கள் வீட்டில் இடித்த காய்தான்.

ஊருக்கு வந்த பின்னரும் அவள் அதை விடவில்லை. திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்லி, முற்றாத பயற்றங்காயாக வாங்கிவரச் செய்வாள். விரல் நீளத்துக்கு ஒடித்து, குளிர்ந்த நீரில் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்வாள். உரலில் முதலில் பூண்டு. அது நசுங்கியதும் ஊசி மிளகாய். பின்னர்ப் பயற்றங்காய். அதை விழுதாக்கக் கூடாது. தோல் வெடித்துச் சாறு உள்ளே போகும் அளவுக்கே இடிக்கவேண்டும். ஒரு கையால் உலக்கையைப் போடும்போதே மறுகையால் கரண்டியைக் கொண்டு புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் கருப்பட்டித் தூள், எலுமிச்சைச் சாறு, மீனை உப்பிலிட்டு இறக்கிய அந்த நாட்டுச் சாறு, வறுத்த சென்னாக்கூனி என்னும் பொடி இறால், கடைசியில் பொடித்த நிலக்கடலை. கருப்பட்டி அந்த ஊர் வெல்லத்தைக் காட்டிலும் சற்றுக் கருப்பாக இருந்தாலும் சுவையில் குறை வைக்கவில்லை.

ஆனால் உண்ண வேண்டியவன் உண்ணவில்லை.

"என்னங்க, நாலு வாயிலயே கையை எடுத்துட்டீக?" என்று கேட்டாள் முதல் முறை.

"நெஞ்சு கரிக்குது. மெளகாய் கூடிப்போச்சோ என்னமோ."

அடுத்த முறை மிளகாயைக் குறைத்தாள். காய் பச்சை வாடை அடிக்கிறது என்றான். வெந்நீரில் போட்டு எடுத்தாள். கடலை பல்லில் சிக்குகிறது என்றான்; கடலையை விட்டாள். இடித்த காய் மட்டுமன்று, இரவில் அவள் எதைச் சமைத்தாலும் அவனுக்கு இறங்கவில்லை. தோசையில் ஒன்று, சோற்றில் இரண்டு பிடி. அதற்குமேல் வேண்டாம் என்றான்.

மீன் சாற்றைப் பற்றிய குறை சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரு நாள் காலையில் பின்கட்டு முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நேத்து அந்தியில இங்குட்டு ஒரு வாடை வந்துச்சே, என்னாத்தா அது? கருவாட்டுப் பானையைக் கவுத்துப்புட்டியோ?"

"மீன் சாறு அயித்தை. அந்த ஊர்ல எல்லாத்துலயும் ஊத்துவாக."

"ஊத்தட்டும், ஊத்தட்டும். மீனைப் பிடிச்சு அழுக வச்சு ஊத்துறதுக்குப் பேரு சாறாக்கும்? நான் என்னமோ எலி செத்துக் கெடக்குன்னு பரண்ல தேடிக்கிட்டுக் கெடந்தேன்."

சௌபர்ணிகா சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். அன்றிலிருந்து மீன் சாற்றுக்குப் பதிலாக உப்பு நீர் ஊற்றினாள். அதன்பின் உரலில் எஞ்சியது வெந்த பயற்றங்காயும் எலுமிச்சையும்தான். அதையும் அவன் இரண்டு பிடிக்குமேல் உண்ணவில்லை.

மாலையில் விடுதியிலிருந்து வந்ததும் முத்துக்கண்ணன் முகம் கழுவிக்கொண்டு தாயின் பக்கம் போவான். ஆச்சியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வருகிறேன் என்பான். அரைமணி நேரம் கழித்து வந்து மனைவியின் அடுப்படியில் அமர்வான். அவன் கையில் தைல வாசம் இருக்காது. சோப்பு வாசம்தான் இருக்கும். நன்றாகக் கழுவிக்கொண்டு உண்ண வருகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். தன் தாயோடு தொலைபேசியில் பேசும்போது, "இந்தக் காலத்துல எந்த மகன் ஆத்தாளுக்குத் தைலம் தேச்சு விடுறான்? அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்று பெருமையாகவும் சொன்னாள்.

அவனுக்கு ஏதோ நோய் என்ற அச்சம் அவளுக்கு நாளுக்கு நாள் வளர்ந்தது. மாட்டேன் என்றவனை வற்புறுத்தி டாக்டர் மரிய ஜெரால்டிடம் அழைத்துப்போனாள். டாக்டர் அவனைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார்.

"என்னம்மா பண்ணுது இவருக்கு?"

"ராத்திரிச் சாப்பாடே எறங்க மாட்டேங்குது டாக்டர். கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு எந்திரிச்சுர்றாக."

டாக்டர் அவனுடைய இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டின் கடைசித் துளையில் கொக்கி மாட்டியிருந்தது.

"தம்பி, அந்தப் பெல்ட்டுக்கு இதுக்கு மேல ஓட்டை போட எடமில்ல. ஏம்மா, இது சாப்பிடாதவர் வயிறா? ரெண்டு வீட்டுல விருந்து சாப்பிடுறவர் வயிறு மாதிரியில்ல இருக்கு! கொழுப்பு வேற ஏறியிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டைக் கொறைங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். முத்துக்கண்ணன் சட்டைப் பொத்தானைப் போடுவதில் முனைந்திருந்தான்.

வண்டியில் திரும்பும்போது அவளே காரணம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"விடுதியில சாப்பிட்டுட்டு வாரீகளோ?"

"ஆமா சௌபர்ணிகா" என்று உடனே பற்றிக்கொண்டான். "விருந்தாளிகளுக்குச் செஞ்சது மிஞ்சுது. சமையக்காரரு விட மாட்டேங்குறாரு. வேணாம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாரு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்து கெடந்தேன்."

முழுப்பெயரும் அவன் வாயிலிருந்து வந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை. நோய் இல்லை என்ற ஆறுதலே பெரிதாக இருந்தது.

அவனுக்கு விடுமுறை வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் காத்திருந்தாள். அன்று விடுதியும் இல்லை, விருந்தாளியின் மிச்சமும் இல்லை. பழைய இடித்த காயைப் பழையபடியே, எதையும் குறைக்காமல், எதையும் மாற்றாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். மதுரையிலிருந்து மீன் சாறு வரவழைத்தாள். ஊசி மிளகாயைக் காம்போடு எடுத்து வைத்தாள். மாலை ஆனதும் முத்துக்கண்ணன் வழக்கம்போல் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு தாயின் பக்கம் போனான். அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று இவள் உரலை முன்னே இழுத்து வைத்துக்கொண்டாள்.

பூண்டு நசுங்கியது, மிளகாயின் காரம் மேலெழுந்து கண்ணைக் கரித்தது. பயற்றங்காய் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் கேட்டபோது, பாங்காக்கில் அடுப்படி வாசலில் வந்து நின்று, ஆச்சா ஆச்சா என்று அவன் அவசரப்படுத்திய மாலைகள் அவள் நினைவுக்கு வந்தன. மாமியாருக்கும் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. எலி செத்த வாடை என்று மீண்டும் சொல்லிவிடக் கூடாதே என்று, மீன் சாறும் சென்னாக்கூனியும் சேர்க்குமுன் ஒரு பங்கை வெள்ளிக் கிண்ணத்தில் தனியே எடுத்து, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்துக் கடலை தூவினாள்.

மற்றப் பலகாரமாயிருந்தால் மூடிவைத்து மறுநாள் காலையில் கொடுத்திருப்பாள்; முறை அதுதான். ஆனால் இடித்த காய் காத்திருக்காது. உப்பும் புளிப்பும் பட்டால் சற்று நேரத்தில் நீர் விட்டுவிடும், காய் துவண்டுவிடும், கடலை ஊறிவிடும். சாப்பாட்டு வேளை நெருங்குகிறதே என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணிக் கிண்ணத்தோடு முற்றத்தைக் கடந்தாள்.

ஆச்சியின் அடுப்படிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முத்துக்கண்ணன் வாழையிலையின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். இலையில் வெள்ளைப் பணியாரமும், கோழிக் குழம்பும், ஒரு குவியல் சோறும் இருந்தன. தைலப் புட்டி திறக்கப்படாமல் சன்னல் விளிம்பில் நின்றது. ஆச்சி நின்றுகொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு பணியாரம் வச்சுக்க ராசா."

"போதும் ஆத்தா. அங்குட்டுப் போயி அந்தப் பச்சைக் காயை வேற மெல்லணும்."

"மாட்டுக்கு நறுக்கிப் போடுற மாதிரியில்ல போடுறா! ஏழு வருசம் எப்புடித்தான் தின்ன?"

"வேற வழி? வாய்க்கு வெளங்குன சாப்பாடு ஒரு நாள் கெடையாது. உங்க கைக் கொழம்பை நெனச்சுக்கிட்டே படுத்துருவேன்."

"எளச்சுத்தான் வந்த நீ. நானும் பார்த்தேன்ல."

சௌபர்ணிகா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கிண்ணத்தை மேடைமேல் வைத்தாள். முத்துக்கண்ணனின் கை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது.

"சௌபர்ணிகா…" என்றான்.

ஆச்சிதான் முதலில் சமாளித்துக்கொண்டார். "சாப்பாட்டு நேரத்துல என்னாத்தா இங்குட்டு?"

"இது வச்சிருந்தா தண்ணி விட்டுரும் அயித்தை. அதான் கையோட கொண்டாந்தேன்."

"வச்சுட்டுப் போ."

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"என்ன நடக்குது? கொலையா நடக்குது?" ஆச்சியின் குரல் உயர்ந்தது. "பெத்த வயிறு ஆத்தா. பசிக்குதுன்னு வந்து நின்னான், போட்டேன். வேறு வச்சா வயித்தையுமா வேறு வைக்க முடியும்?"

"வயித்தை வேறு வைக்கச் சொல்லல அயித்தை. என்னை வேறு வச்சது நீங்கதான். பாத்திரத்தை எடுத்துக் குடுத்து, இனி அவனுக்குச் சோறு போடுறது உன் பொறுப்புன்னு நாலு பேரு முன்னால சொன்னதும் நீங்கதான். வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஒரே ஒலையா வச்சிருப்பேன்."

"நானா கூப்பிட்டேன்? கேளு அவனை. நீ வந்து எறங்குன மொத வாரமே வந்து உக்காந்தான்."

"ஆத்தா!" என்றான் முத்துக்கண்ணன்.

"என்னடா ஆத்தா? நான் ஏன் பழியைச் சொமக்கணும்? வெளிய தெரிய வேணாம்னு நீதானே சொன்ன?"

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கையைக் கழுவினான், சோப்பைப் போட்டு நெடுநேரம் தேய்த்தான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"பெருசு பண்ணாத. ஆத்தா தனியா இருக்காக. ரெண்டு வாய் தின்னா அவுகளுக்கு ஒரு சந்தோசம். இதுல உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"ரெண்டு வாய் தின்னது தப்புன்னு நான் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "அங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதைச் செஞ்சப்ப, உங்களுக்குப் பிடிச்சுச்சா, பிடிக்கலையா?"

முத்துக்கண்ணன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். ஆச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகன் என்ன சொல்லப் போகிறான் என்று முகத்தைக் கூர்ந்து நோக்கினார்.

அவன் ஈரக் கையை மீண்டும் துடைத்துக்கொண்டான்.

"ஒரு வாய் எடுத்துக்கங்க. இப்ப அயித்தை முன்னாலயே."

"வயிறு நெறஞ்சு போச்சு சௌபர்ணிகா. நாளைக்குத் திங்கிறேன்."

ஆச்சியின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வென்றவரின் மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல இயலாது. இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய ஒன்று கைநழுவாமல் நின்றதனால் வந்த தெளிவு. சௌபர்ணிகா அதையும் கண்டாள். அந்தக் கிழவியின்மேல் அவளுக்குச் சினம் வரவில்லை என்பதே அவளுக்கு வியப்பாக இருந்தது. தன் அடுப்பைத் தேடி மகன் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதைத் தன்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அதே ஆசைதான் தனக்கும் இருந்தது. இரண்டு அடுப்புக்கும் நடுவில் போய்வந்தவன், தாயிடம் உண்டதை மனைவியிடம் மறைத்தான். மனைவியிடம் உண்டு மகிழ்ந்ததைத் தாயிடம் மறுத்தான். இவள் செய்தது பிடித்திருந்தது என்ற ஒரு சொல்லுக்காகத் தாயின் ஒரு நொடி முகவாட்டத்தைப் பொறுத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. ஏழாண்டுகளை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்துவிட்டான்.

அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை. "அது இப்பவே சாப்பிட்டாத்தான் நல்லாருக்கும் அயித்தை" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

தன் அடுப்படியில் உரலில் இருந்த இடித்த காயைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு உண்டாள். காரம் உச்சந்தலைவரை ஏறியது. மீன் சாறும் கருப்பட்டியும் எலுமிச்சையும் சரியாக ஒன்றியிருந்தன; இந்த ஊருக்கு வந்தபின் அவள் செய்ததில் இதுவே குறையற்றது. அது குறையற்றது என்பதுதான் அவளுக்குப் பெரிய கசப்பாக இருந்தது. செய்ததில் குற்றம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். மிளகாயைக் குறைத்ததும், காயை வேகவைத்ததும், உப்பு நீர் ஊற்றியதும், டாக்டர் வாசலில் காத்துக் கிடந்ததும், நிறைந்த வயிறு ஒன்றுக்குப் பசியை உண்டாக்கத்தான் என்று நினைக்கையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முத்துக்கண்ணன் வந்து வாசற்படியில் நின்றான்.

"கோவமா?"

"இல்ல."

"ஆத்தாட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான் சௌபர்ணிகா. அவுகளுக்கு அதைக் கேட்டா மனசு ஆறுது. உன்கிட்டயும் ஏதாச்சும் சொல்லி ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான்."

"சரி."

"நாளைக்கு இதையே செய்யி. நான் அங்குட்டுப் போகாம நேரா இங்க வாரேன். தின்னு காட்டுறேன்."

அவள் தட்டைக் கழுவினாள். மேடையைத் துடைத்தாள். துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். குரலில் ஏற்றமில்லை, நாளைக்கு என்ன காய் வாங்குவது என்று சொல்வது போலவே சொன்னாள்.

"தின்னு காட்ட வேணாம். நீங்க அயித்தை கிட்டயே சாப்பிட்டுக்கங்க. இனிமே தைலப் புட்டியைத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதில்ல. நாளையிலேர்ந்து இந்த அடுப்புல நான் எனக்கு மட்டுந்தான் சமைப்பேன்."